அன்றாட உரையாடலுக்கு எந்த அரபியைக் கற்பது: நூல் மொழியா, பேச்சு வழக்கா?

இளந்தளிர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சில காலமாக ஒரு பாடநூலின் துணையோடு அரபி கற்று வருகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவும், உயிர்க்குறிகள் இட்ட எளிய வாக்கியங்களைப் புரிந்துகொள்ளவும் இயல்கிறது. ஆனால் என்னுடன் பணியாற்றும் எகிப்தியர்களும் சிரியர்களும் பேசிக்கொள்ளும்போது, நான் படித்த சொற்களில் பெரும்பாலானவை அதில் என் காதில் படுவதே இல்லை. நான் பாடநூலின்படி பேசினால் அவர்கள் பொறுமையுடன் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் சொல்லும் மறுமொழிதான் எனக்குப் பிடிபடுவதில்லை.

என் தேவை எளியது. நலம் விசாரிக்க வேண்டும். வழி கேட்க வேண்டும். வேலை குறித்துத் தயக்கமின்றிப் பேச வேண்டும். தொலைபேசியில் யாரேனும் அழைத்தால் பதில் சொல்ல வேண்டும். இலக்கியமோ சமய நூலோ படிப்பது இப்போதைக்கு என் நோக்கம் அன்று. இந்நிலையில், பாடநூலை ஒதுக்கிவிட்டுப் பேச்சு வழக்கைத் தொடங்குவது சரியா? தொடங்குவதானால் எகிப்திய வழக்கா, சிரிய வழக்கா? சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யலாமா? கற்றறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சொல்வேட்டை:

நண்பரே, நீங்கள் படிப்பதும் அவர்கள் பேசுவதும் அரபிதான். பாடநூல்கள் கற்பிப்பது ஃபுஸ்ஹா என்னும் செம்மை வடிவம். செய்தி, சட்டம், பள்ளிப் பாடம், மேடைப் பேச்சு ஆகியவை அதில் நடைபெறுகின்றன. எந்தக் குழந்தையும் அதை வீட்டில் கேட்டு வளர்வதில்லை. வீட்டிலும் தெருவிலும் வழங்குவது ஆம்மிய்யா எனப்படும் பேச்சு வழக்கு. 1959ஆம் ஆண்டில் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இத்தகைய இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபியை முதன்மையான நான்கு எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அதே கட்டுரையில் தமிழும் இவ்வகைக்குப் பொருந்தும் என்று குறிப்பிட்டார். வார இதழ்களை மட்டுமே படித்துத் தமிழ் கற்ற ஓர் அயல்நாட்டவர், ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை நன்கு அறிந்திருந்தும், ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று கேட்டவுடன் திகைப்பது போன்றதே உங்கள் நிலை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரபியின் பேச்சு வழக்குகள் ஒன்றுக்கொன்று மிகவும் விலகியவை. அந்த விலகல் அருஞ்சொற்களில் இல்லை, நாள்தோறும் மிகுதியாகப் புழங்கும் சொற்களிலேயே இருக்கிறது. ‘எனக்கு வேண்டும்’ என்பது நூல் மொழியில் ‘உரீது’. கெய்ரோவில் ஆண் ‘ஆவிஸ்’ என்பார், பெண் ‘ஆவ்ஸா’ என்பார். டமாஸ்கஸில் அது ‘பித்தி’, வளைகுடாவில் ‘அபி’, மொராக்கோவில் ‘ப்கீத்’. ‘இப்போது’ என்பதற்கு நூல் மொழி ‘அல்ஆன்’ என்கிறது. எகிப்தியர் ‘தில்வஅத்தி’ என்கிறார். சிரியர் ‘ஹல்லஅ’ என்கிறார். வளைகுடாவில் ‘அல்ஹீன்’, மொராக்கோவில் ‘தாபா’. வேண்டும், இப்போது, என்ன, எங்கே, இல்லை போன்ற சொற்கள் இல்லாமல் ஓர் உரையாடலும் நகராது. அவை மாறிவிடுவதால், மீதமுள்ள சொற்கள் நீங்கள் அறிந்தவையாகவே இருந்தாலும் காது அவற்றை எட்டிப் பிடிப்பதற்குள் பேச்சு கடந்துவிடுகிறது.

ஆகவே என் கருத்து தெளிவானது: உங்கள் நோக்கம் உரையாடல் என்றால், ஒரு பேச்சு வழக்கைத் தேர்ந்துகொண்டு இன்றே தொடங்குங்கள். எகிப்திய வழக்கு, திரைப்படங்களாலும் தொலைக்காட்சியாலும் அரபு நாடுகள் பலவற்றில் புரிந்துகொள்ளப்படுகிறது. அதற்கான பாடங்களும் ஒலிப்பதிவுகளும் மிகுதி. சிரியா, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகியவற்றின் ஷாமி வழக்கும், 2000களின் இறுதியிலிருந்து துருக்கித் தொடர்கள் சிரிய வழக்கில் குரல்மாற்றம் செய்யப்பட்டு வந்ததால், தன் எல்லைகளுக்கு வெளியே நன்கு பரவியிருக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற ஆராய்ச்சியில் காலம் கழிக்க வேண்டாம். நாள்தோறும் உங்களோடு மிகுதியாகப் பேசப்போகிறவர் எந்த வழக்கினரோ, அதுவே உங்கள் வழக்கு. மற்றொன்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். வாயால் பேசுவது ஒன்றாக இருக்கட்டும்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ‘அனா பரூஹ்’ என்ற இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ரோவில் அது ‘நான் போவது வழக்கம்’ என்ற பொருளைத் தரும். வளைகுடாவில் ‘நான் போகப்போகிறேன்’ என்று பொருள்படும். எகிப்தில் நிகழ்காலத்தைக் காட்டும் ‘ப’ என்ற முன்னொட்டு வளைகுடாவில் எதிர்காலத்தைக் காட்டுகிறது. பல வழக்குகளைத் தொடக்கத்திலேயே கலந்து பேசினால், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் காலமே குழம்பிவிடும்.

நூலகத்தான்:

சொல்வேட்டை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அதைப் படிக்கும் ஒருவர், ஃபுஸ்ஹாவை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பேச்சு வழக்கு வாய்க்கும் காதுக்கும் போதும்; கண்ணுக்குப் போதாது. பெயர்ப் பலகை, மருந்துச் சீட்டு, விண்ணப்பப் படிவம், அலுவலக அறிவிப்பு ஆகிய அனைத்தும் நூல் மொழியில்தான் இருக்கும். அன்றாட வாழ்க்கை என்பதில் இவையும் அடங்கும் அல்லவா?

மேலும், நீங்கள் இதுவரை கற்றது வீணாகவில்லை. அரபுச் சொற்களில் மிகப் பல மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. அந்த வேர்கள் நூல் மொழிக்கும் பேச்சு வழக்குக்கும் பெரும்பாலும் பொது. க-த-ப் என்ற வேர் எழுதுதலைக் குறிக்கும்: கிதாப் புத்தகம், காதிப் எழுத்தாளர், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். இங்கே வேரை மட்டும் கவனித்தால் பாதிப் பயனே கிடைக்கும். வேர் ஏறி அமரும் அச்சையும் கவனியுங்கள். ‘மக்தப்’ என்பதன் அச்சு, ஒரு செயல் நடைபெறும் இடத்தைக் காட்டுவது. அதே அச்சில் சமைத்தல் என்ற வேர் அமர்ந்தால் மத்பக், அதாவது சமையலறை. விளையாடுதல் அமர்ந்தால் மல்அப், விளையாட்டுத் திடல். நுழைதல் அமர்ந்தால் மத்கல், நுழைவாயில். வெளியேறுதல் அமர்ந்தால் மக்ரஜ், வெளியேறும் வழி. கடைசி இரண்டையும் எந்தக் கட்டடத்திலும் எழுதியிருக்கக் காணலாம். ஓர் அச்சை அறிந்தவர் முன்பின் பாராத சொல்லையும் ஓரளவு ஊகிக்க முடியும். இந்த ஊகிக்கும் ஆற்றலைப் பேச்சு வழக்கு மட்டும் கற்பவர் பெறுவதற்கு நெடுங்காலம் ஆகிறது.

ஆனால் ஃபுஸ்ஹாவில் உங்களுக்கு இப்போது தேவையற்ற பகுதிகளும் உண்டு. சொல்லின் இறுதியில் வரும் வேற்றுமை உயிர்கள், இருவரை மட்டும் குறிக்கும் வினையின் இருமை வடிவங்கள், மூன்று முதல் பத்து வரையிலான எண்கள் பெயர்ச்சொல்லின் பாலுக்கு எதிர்ப்பாலில் நிற்கும் விதி ஆகியவை பேச்சில் உதிர்ந்தோ எளிமையடைந்தோ போய்விட்டன. தேர்வு எழுதும் நோக்கம் இல்லாத நிலையில் இவற்றில் மாதங்களைச் செலவிட வேண்டாம். அவற்றை விட்டு, ஒருமையோடு பன்மையையும் சேர்த்தே படியுங்கள். பைத் (வீடு) என்பதன் பன்மை புயூத், வலத் (சிறுவன்) என்பதன் பன்மை அவ்லாத். இவற்றுக்கு ஒரே விதி கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் படியும்.

தமிழர்களுக்கு இம்மொழி சில இடங்களில் வியப்பூட்டும் அளவுக்கு இணங்கி வருகிறது. ‘நான் மாணவன்’ என்று நாம் வினையின்றிச் சொல்வது போலவே அரபியிலும் ‘அனா தாலிப்’ என்று முடித்துவிடலாம். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதற்கு ‘இந்தி கிதாப்’, அதாவது ‘என்னிடம் புத்தகம்’ என்றால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அரபு இலக்கணிகள் பெயர்களை ஆகில், கைர் ஆகில், அதாவது அறிவுடையவை, அறிவற்றவை என்று பிரிக்கிறார்கள். அறிவற்றவற்றின் பன்மைக்கு வினையும் அடைமொழியும் பெண்பால் ஒருமையில் வரும். ஆங்கில வழி கற்பவர்கள் இதைப் புரியாத விதிவிலக்காக மனப்பாடம் செய்கிறார்கள். உயர்திணை, அஃறிணை என்று படித்து, ‘மாடுகள் வந்தது’ என்று பேசிப் பழகிய நமக்கு இதன் நியாயம் உடனே விளங்கிவிடும்.

கடலோடி:

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யலாமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெஞ்சம் என்று பொருள்படும் சொல்லையும் நாய் என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘கல்ப்’ என்றே வரும். முன்னதன் ககரம் உள்நாக்கின் அருகே பிறப்பது. பின்னது நம் ககரம் பிறக்கும் இடத்திலேயே பிறப்பது. அரபியில் 28 எழுத்துகள் உள்ளன. அவற்றில் இரண்டு ஹகரங்களும், இரண்டு தகரங்களும், இரண்டு ஸகரங்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். அய்ன் என்ற எழுத்தின் ஒலிக்கு, தொண்டையைச் சுருக்கி எழுப்பும் அந்த ஓசைக்கு, நம்மிடம் குறியே கிடையாது. எழுத்து மயங்கினால் நினைவும் மயங்கும். பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

இன்னொரு பக்கம், நமக்குக் குறிலும் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் பிறவியிலேயே வந்தவை. ‘தரஸ’ என்றால் படித்தான், ‘தர்ரஸ’ என்றால் கற்பித்தான். ‘ஹமாம்’ என்றால் புறாக்கள், ‘ஹம்மாம்’ என்றால் குளியலறை. பல மொழியினர் தடுமாறும் இந்த இடங்களில் தமிழர் காது ஒரு நொடியில் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் உழைப்பைத் தொண்டை ஒலிகளிலும், நாவின் பின்பகுதியைப் பின்னிழுத்து எழுப்பும் கனத்த ஒலிகளிலும் வையுங்கள். கனத்த ஒலிகளைத் தனி எழுத்தாகப் பயில்வதைவிட, அடுத்து வரும் உயிரைக் கவனிப்பது பயன்தரும். கனத்த மெய்க்குப் பின் அகரம் சற்று இருண்டு ஒலிக்கும், மெல்லிய மெய்க்குப் பின் அது ஏகாரத்தை நோக்கிச் சாயும்.

எழுத்தைப் பொறுத்தவரை, அன்றாட அச்சில் குறுகிய உயிர்களின் குறிகள் இடப்படுவதில்லை என்பதை மறவாதீர்கள். க, த, ப் என்று மூன்று மெய்கள் மட்டும் இருந்தால், அது ‘எழுதினான்’ என்றும் ‘புத்தகங்கள்’ என்றும் ‘எழுதப்பட்டது’ என்றும் படிக்கப்படலாம். முன்பே காதில் விழுந்த சொல்லைத்தான் கண் சரியாகப் படிக்கும். அதனால் ஒலிப்பதிவு இல்லாத பாடத்தை வாங்கவே வேண்டாம். திருக்குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு எழுத்தும் ஒலிப்பும் முன்பே கைவந்திருப்பது பெரும் பேறு. ஆயினும் குறிகளற்ற பக்கத்தை அவர்களும் தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

இளந்தளிர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என்னோடு நாள் முழுவதும் பேசுபவர்கள் எகிப்தியர்களே. ஆகவே எகிப்திய வழக்கைத் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். வயதில் மூத்தவர்களிடம் ‘இந்த’, அதாவது ‘நீ’ என்று பேச நாக்கு கூசுகிறது. ‘நீங்கள்’ என்பதற்கு வழி உண்டா? மேலும், அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் அரபிக்கு 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருப்பதாகப் படித்து மலைத்துப்போனேன்.

சொல்வேட்டை:

அந்த 2200 மணி நேரம், ஆங்கிலம் பேசும் அரசு அலுவலர்கள் தொழில்முறைத் தேர்ச்சியுடன் பேசவும் படிக்கவும் பயிற்சி பெறுவதற்கான கணக்கு. நலம் விசாரித்து, வழி கேட்டு, வேலையைப் பற்றிப் பேசுவதற்கு அதில் சிறு பகுதியே போதும். அந்த எண்ணைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

மரியாதைக்கு எகிப்தில் அழகான வழி இருக்கிறது. ஆணிடம் ‘ஹத்ரிதக்’, பெண்ணிடம் ‘ஹத்ரிதிக்’ என்று சொல்லுங்கள்; நம் ‘தாங்கள்’ போன்றது. தமிழில் முன்னிலைக்குப் பால் வேறுபாடு இல்லாததால், எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்பச் சொல்லின் ஈற்றை மாற்றும் பழக்கம் நமக்குத் தானாக வராது. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்பதையும் ‘இஸ்ஸய்யக்’, ‘இஸ்ஸய்யிக்’ என்று இரண்டாகவே வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அரபியில் வாழ்த்துகள் இணையாக வாழ்கின்றன. ஒன்றைக் கேட்டால் அதற்குரிய மறுமொழியைச் சொல்லியாக வேண்டும். ‘ஸபாஹ் அல்கைர்’ என்று ஒருவர் காலை வணக்கம் சொன்னால் ‘ஸபாஹ் அந்நூர்’ என்க. வாழ்த்துக்குரிய செய்திக்கு ‘மப்ரூக்’ என்றால், ‘அல்லாஹ் யிபாரிக் ஃபீக்’ என்று பதில் வரும். குளித்தோ முடிதிருத்திக்கொண்டோ வருபவரிடம் சொல்வதற்குக்கூட ‘நயீமன்’ என்றொரு சொல் இருக்கிறது. இந்த இணைகளை இலக்கணத்துக்கு முன்பே கற்கலாம். பேசுபவரின் முகம் மலர்வதை அன்றே காண்பீர்கள்.

கடலோடி:

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். வளைகுடா நாடுகளில் பல நாட்டுத் தொழிலாளர்களுக்கும் அரபியருக்கும் இடையே ஒரு சுருங்கிய கலப்பு அரபி வழங்குகிறது. அதில் வினை, இடத்துக்கும் பாலுக்கும் ஏற்பத் திரிவதில்லை. ‘ஃபீ’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்யும். கடும் உழைப்புக்கு நடுவே, கற்பிக்க ஆளின்றி மக்கள் தாமே உருவாக்கிக்கொண்ட கருவி அது. அதைத் தாழ்வாக எண்ணுவது தவறு. ஆனால் அதிலேயே பழகிவிட்டால், நீங்கள் எத்தனை ஆண்டுகள் பேசினாலும் அரபியர் உங்களிடம் அந்தச் சுருங்கிய வடிவிலேயே பேசுவார்கள். முழுமையான வாக்கியம் உங்கள் காதில் விழவே விழாது. அதனால் உங்கள் எகிப்திய நண்பர்களிடம், ‘எனக்காக எளிமைப்படுத்த வேண்டாம், மெதுவாக மட்டும் பேசுங்கள்’ என்று முதல் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘மெதுவாக’ என்பதற்கு அங்கே ‘பிராஹா’ என்பார்கள்.