ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு சாயங்கால நொறுக்கு ஆசை: சைவப் பலகாரம் சொல்லுங்கள்

வணக்கம். எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் தாண்டிய சைவக்காரர்களுக்காக ஓர் உதவி வேண்டும்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால் முதல் சில மாதம் பசியே தெரியாது. பிறகு ஆசை மெல்லத் திரும்பும், அதுவும் சாயங்கால டீ நேரத்தில். ஒன்றரை இட்லிக்கு மேல் ஏற்காத வயிறு முறுக்கையும் மிக்சரையும் மட்டும் தடையில்லாமல் வாங்கிக்கொள்ளும். மென்றதும் கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கூடவே டீ குடித்தால் இன்னும் வேகம். வயிறு நிறைந்ததே தெரியாது, எடை ஏறும். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம் என்பது இதனால்தான்.

நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். 50 கிராம் பனீரில் சுமார் 9 கிராம் கிடைக்கும், ஆனால் தினமும் பனீர் யாருக்கும் சலித்துவிடும். ஆறினால் ரப்பர்போல ஆகி நெஞ்சில் நிற்கும். கொண்டைக்கடலையும் குழைய வேகாவிட்டால் அப்படித்தான்.

அரைக் கிண்ணத்துக்குள் 10 கிராம் புரதம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சமாவது மொறுமொறுப்பு. இதற்குள் வீட்டில் செய்கிற பலகாரம் எது? சோயாவோ பாசிப்பருப்போ, எதுவானாலும் சரி. அளவோடு எழுதுங்கள்.