அம்பாசிடருக்கு இசுசு இன்ஜின் மாற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 1989 அம்பாசிடர், 1489 சிசி டீசல். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே நீலப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று அடிக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் (உள்சுவர்) தேய்ந்துவிட்டதாம். பாடியில் மட்டும் பொட்டுத் துரு இல்லை.

சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பழைய இன்ஜினையே தேற்றுவதா, இல்லை 1800 இசுசு பெட்ரோல் இன்ஜினை 5 கியர் பாக்ஸோடு ஏற்றுவதா? கம்பெனியே அம்பாசிடரில் போட்ட இன்ஜின்தான் என்று மெக்கானிக் ஆசை காட்டுகிறார். (அவருக்கென்ன, கூலி அதிகம்!) ஆனால் டீசல் டேங்க், லைன் எல்லாம் மாற்றணும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் இன்ஜின் எண், எரிபொருள் இரண்டையும் திருத்தணும்.

விற்கும் எண்ணம் இல்லை. இப்படி மாற்றியவர்கள் இருந்தால், மொத்தம் எவ்வளவு ஆனது, எஃப்சியில் (தகுதிச் சான்று) இழுத்தடித்தார்களா என்று சொல்லுங்கள்.