மறு: மியூட், அன்மியூட் – காதில் விழும் பொத்தானுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

மூன்று நாளாக, கூட்டச் செயலியைத் தமிழாக்கும் நம் குழுவின் இந்த மடல் இழை ‘இணையவழிக் கூட்டமா, மெய்நிகர் சந்திப்பா’ என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வழக்கில்லை. ‘இணையக் கூட்டம்’ போதும். ‘அணுகல்தன்மை’ என்ற சொல்லும் கைப்பேசி அமைப்புகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது, இனி இறங்காது. நான் எழுதுவது ஒரே ஒரு பொத்தானுக்காக.

> மியூட் – ஒலியடக்கு. அன்மியூட் – ஒலியடக்கத்தை நீக்கு. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, பொருளும் சரி. இதை ஏன் கிளற வேண்டும்?

கிளறத்தான் வேண்டும், ஐயா. நீங்கள் அந்தப் பொத்தானைப் பார்க்கிறீர்கள். குறுக்கே கோடு போட்ட மைக் படம், சிவப்பு நிறம், அதன் கீழே எழுத்து. எழுத்தைப் படிக்காமலே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பார்வையில்லாத எனக்கு அந்த எழுத்து மட்டும்தான், அதுவும் காது வழியாக. டேப் விசையைத் தட்டத் தட்ட, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளான என்விடிஏ ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொண்டு வரும். நான் எதையும் முழுதாகக் கேட்பதில்லை. ஸ்கிரீன் ரீடரில் பழகிய கை யாருடையதாக இருந்தாலும் அப்படித்தான். முதல் ஓரிரு அசை விழுந்ததுமே இதுவா அடுத்ததா என்று விரல் முடிவு செய்துவிடும். ‘ஒலியடக்’ வரைக்கும் உங்கள் இரண்டு பொத்தானும் எனக்கு ஒரே பொத்தான்.

அப்படி ஒருமுறை வசமாக மாட்டினேன். நாற்பது பேர் கலந்துகொண்ட கூட்டம். ஹெட்செட் இல்லை, மடிக்கணினி ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். என் மைக் மூடித்தான் இருக்கிறதா என்று பார்க்கப் பொத்தானுக்குப் போனேன். ‘ஒலியடக்’ என்றது. சரி, ‘ஒலியடக்கத்தை நீக்கு’ என்று சொல்ல வருகிறது, ஆகவே மூடித்தான் இருக்கிறது என்று நகர்ந்துவிட்டேன். அது சொல்ல வந்தது வெறும் ‘ஒலியடக்கு’. அடுத்த பத்து நிமிடம் என் மின்னஞ்சல்களை ஸ்கிரீன் ரீடரின் எஸ்பீக் குரல் படுவேகத்தில் ஊருக்கே வாசித்தது, வங்கிக் கணக்கின் இருப்பு உட்பட. “யாரோட லைன்லயோ ரோபோ பேசுது, மியூட் பண்ணுங்க” என்று ஒருவர் கத்திய பிறகுதான் அந்த ரோபோ என் வீட்டில் இருப்பது உறைத்தது.

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் காரணம் மொழியின் அமைப்பு. அங்கே மறுப்பு முன்னால் ஒட்டுகிறது: மியூட், அன்மியூட். ‘அன்’ என்று விழுந்ததுமே தெரிந்துவிடும். தமிழில் எதிர்மறை வாலில் வரும்: செய், செய்யாதே, வந்தான், வரவில்லை. ஆங்கில ‘அன்’ வரும் இடமெல்லாம் நாம் ‘-ஐ நீக்கு’ என்று ஒட்டிக்கொண்டே போனால் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும், காதுக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் வாயைத் திறந்ததுமே வேறுபடும் இணைகள் தமிழில் தாராளம்: திற–மூடு, ஏற்று–அணை, கட்டு–அவிழ். நம் பாட்டிமார் யாரும் ‘கட்டியதை நீக்கு’ என்று சொன்னதில்லை.

இன்னொரு கோளாறு ‘ஒலி’யிலேயே இருக்கிறது. எனக்குத் திரையே ஒலிதான். ‘ஒலியடக்கு’ என்று அந்த ஒலியே வந்து சொல்லும்போது, எதன் ஒலியை? வெளியே போகும் என் குரலையா, உள்ளே வரும் கூட்டத்தின் பேச்சையா, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன் ரீடரையா? புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்தப் பொத்தானைத் தொடவே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒலி போய்விட்டால் அவர்களுக்கு உங்கள் திரை கறுத்துப் போன மாதிரி.

குறுக்குவிசை இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. ஜூமில் ஆல்ட்+ஏ, கூகுள் மீட்டில் கண்ட்ரோல்+டி, டீம்ஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம், ஜிட்சியில் வெறும் எம். நாலு வீட்டுக்கு நாலு பூட்டு. ஜிட்சியின் எம்மில் ஒரு வேடிக்கை உண்டு: உலாவியில் என்விடிஏ தன் வாசிப்பு முறையில் இருந்தால் அந்த எம்மைத் தானே பிடித்துக்கொண்டு பக்கத்தில் அடுத்த சட்டகத்தைத் தேடப் போய்விடும், ஜிட்சிக்குச் செய்தியே போகாது. என்விடிஏ விசையோடு ஸ்பேஸை அழுத்தி முறையை மாற்றிவிட்டுத்தான் எம். ஜூமில் ஸ்பேஸை அழுத்திப் பிடித்தபடி பேசலாம் என்பார்கள். ஆனால் குவியம், அதாவது விசைப்பலகை அப்போது நிற்கும் இடம், ஏதாவதொரு பொத்தான்மேல் இருந்தால் ஸ்பேஸ் என்பது அந்தப் பொத்தானை அமுக்குவது. அது ‘வெளியேறு’ பொத்தானாக இருந்தால் நீங்கள் பேச ஆரம்பித்ததோடு கூட்டம் முடிந்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு, சாதாரண ஃபோனில் எண் அழுத்தி ஜூம் கூட்டத்துக்கு வருபவர்களுடையது: நட்சத்திரம், 6. விசைப்பலகையில் 5-இன்மேல் ஒரு புள்ளி தட்டுப்படும், அதற்கு வலப்பக்கம் 6. சொல்லே தேவையில்லை. ஆனால் நாம் சொல் தேடுபவர்கள் ஆயிற்றே.

என் முன்மொழிவு:

அன்மியூட் – பேசு
மியூட் – மவுனம்
கூட்டத்தை நடத்துபவர் இன்னொருவரை மியூட் செய்ய – மவுனமாக்கு
இன்னொருவரை அன்மியூட் செய்யச் சொல்ல – பேச அழை

நாலாவதை யோசித்துத்தான் வைத்தேன். ஜூமில் நடத்துபவர் பொதுவாக அடுத்தவர் மைக்கைத் தானே திறக்க முடியாது, திறக்கும்படி கேட்கத்தான் முடியும். ‘ஒலியடக்கத்தை நீக்குமாறு கோரு’ என்று எழுதுவதைவிட மேடையில் நாம் சொல்வதையே எழுதலாம்.

அகராதி பார்த்து ‘ஊமையாக்கு’ என்று யாரும் கொண்டுவந்துவிடாதீர்கள். பார்வையற்றவருக்கு வசதி செய்யப் போய்ப் பேச்சு வராதவரை இடிப்பது நமக்கு வேண்டாம்.

---

தம்பி,

காது வாதத்தை ஏற்றேன். அந்தப் பாட்டிமார் வரி நன்று. மூன்று இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று, மெளனம் வடசொல். பேசாமல் இருப்பதற்குத் தமிழில் சொல்லா இல்லை? ‘அமைதி’ என்று வையுங்கள். இரண்டு, ‘மெளனம்’ பெயர்ச்சொல், ‘பேசு’ ஏவல் வினை. இணை என்றால் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டாமா? மூன்று, நிலைமாற்றிப் பொத்தானின் பெயர் மாறக் கூடாது, நிலை மட்டுமே மாற வேண்டும் என்று ஏரியா நெறிகளில் (இணையப் பக்கம் ஸ்கிரீன் ரீடருக்குத் தன்னை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதற்கானவை) படித்தேன். அப்படியானால் ‘மைக்’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டு, அழுத்தப்பட்டதா இல்லையா என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லட்டுமே. சொல்லே வேண்டாம்.

---

ஐயா, வணக்கம்.

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அதுதான் கனமானது. நெறி நீங்கள் சொன்னபடிதான்: அழுத்திய நிலையைத் தெரிவிக்கும் பொத்தானுக்குப் பெயரை மாற்றக் கூடாது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் ‘பேசு, அழுத்தப்பட்டது’ என்று வரும், நான் பேசலாமா கூடாதா என்று தெரியாது. ஆக, ஏதேனும் ஒன்றுதான். ஆனால் ‘மைக்’ வழியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மைக், அழுத்தப்பட்டது’, ‘மைக், அழுத்தப்படவில்லை’. எந்த வாலிலிருந்து தப்பித்து ஓடினோமோ அதே வால். நம் மொழிக்கு, நிலையைச் சொல்லாமல் பெயரை மாற்றும் வழியே பொருந்தும். ஜூமின் ஆங்கிலப் பொத்தான் செயலோடு இப்போதைய நிலையையும் சேர்த்துச் சொல்கிறது. நாமும் அப்படிச் சொல்லலாம்: ‘பேசு, இப்போது மைக் மூடியுள்ளது’. அவசரக்காரன் முதல் சொல்லோடு போய்விடுவான், ஐயம் உள்ளவன் நின்று மீதியைக் கேட்பான்.

‘அமைதி’ நல்ல சொல். ஆனால் பொத்தான் பெயர்களையெல்லாம் வைத்திருக்கும் நம் சரக் கோப்பில் ‘அழைப்பை முடி’, ‘அனைவரையும் வெளியேற்று’, ‘அமைப்புகள்’ என்று அகரம் ஏற்கெனவே நெரிசல். ‘அமைப்புகள்’ பக்கத்தில் ‘அமைதி’யா? பழைய கதைதான். மகரத்தில் தொடங்கும் பொத்தான் அந்தப் பட்டையில் வேறு எதுவும் இல்லை. வடசொல் என்பது உண்மை, மறுக்கவில்லை. மவுன விரதம், மவுன ஊர்வலம் என்று தெருவில் நடந்து பழகிய சொல் என்பதால் வைத்தேன்.

இனம் பற்றியது நியாயம். ‘மவுனமாகு’ என்று வைத்துவிடுகிறேன். ஓர் அசை கூடுகிறது, பாதகமில்லை. ஏவல் ஏவலோடு சேரட்டும்.

இப்போது ஒரு சின்ன விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மடலில் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் என் கணினி ‘மெ-ள-னம்’ என்று மூன்றாக உடைத்துப் படித்தது. எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன்: மகரத்தோடு எகரக் குறி, அப்புறம் தனியாக ஒரு ளகரம். ஔகாரக் குறியின் வால் ளகரம்போலவே இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. தட்டச்சில் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள். தேடலிலும் சிக்காது. விண்டோஸில் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் வாயிலும் ளகரம் ளகரமாகத்தான் வரும். நான் முதலிலிருந்தே நாளிதழ் பாணியில் ‘மவுனம்’ என்று வகரம் போட்டு எழுதுவது இதற்காகத்தான். மொழிபெயர்ப்பாளர் யார் வந்தாலும் அதைத் தப்பாகத் தட்ட வழியில்லை.

கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது உரையாடல் பெட்டிக்கு வரும் செய்தியை ஸ்கிரீன் ரீடர் எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கும் இரண்டு அமைப்பு உண்டு, பொலைட், அசெர்ட்டிவ் என்று. முந்தையது ஸ்கிரீன் ரீடர் தான் படிப்பதை முடிக்கும்வரை பொறுத்திருக்கும், பிந்தையது நடுவில் புகுந்துவிடும். கோப்பில் யாரோ ‘பணிவு’, ‘உறுதி’ என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். காத்திருந்து சொல், குறுக்கிட்டுச் சொல் என்று மாற்றலாம் என்று நினைக்கிறேன். இரண்டில் எதை வைத்தாலும் பேசுபவரின் குரல்மேல் இன்னொரு குரல் ஏறத்தான் செய்யும், அது சொல்லால் தீராது.

‘பேசு’, ‘மவுனமாகு’, ‘மவுனமாக்கு’, ‘பேச அழை’ நான்கையும் இன்று இரவு சோதனைக் கோப்பில் ஏற்றுகிறேன். ‘மவுனமாகு’, ‘மவுனமாக்கு’ இரண்டுக்கும் இடையில் ஒரு ககர ஒற்றுதான் வேறுபாடு என்று இதை எழுதும்போதே காதில் விழுந்தது. பின்னதற்கு முன்னால் ஆளின் பெயர் வந்துவிடுவதால் தப்பிக்கலாம். தப்பிக்கவில்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ‘கையை உயர்த்து’, ‘கையை இறக்கு’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.