குருநகரிலிருந்து கிளாலி வரை, இரண்டு பேராகப் படகில்

மட்டுவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடல் தெரிந்தவர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் குருநகர். மாமாவுடைய 18 அடி பைபர் படகு ஒன்று 15 குதிரைவலு எஞ்சினோடு வீட்டில் நிற்கிறது. மாமா இப்போது கடல் தொழிலுக்குப் போவதில்லை. கணவர் சின்ன வயதில் தகப்பனோடு போய் வந்தவர், பிறகு 20 வருடம் கந்தோர் வேலை. நான் தென்மராட்சி, கடலோடு பழக்கமே இல்லை. வருகிற பங்குனியில் இரண்டு நாள் எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும், குருநகரில் இறங்கி பாசையூர், கொழும்புத்துறை, தனங்கிளப்புப் பக்கம் கடந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்குக் கீழால் கச்சாய், கிளாலி என்று மெதுவாகப் போக நினைக்கிறோம். ஓடிப் போய்ச் சேருவதற்கு அல்ல. பார்த்துக்கொண்டு போவதற்கு.

ஏன் கிளாலி என்று கேட்பீர்கள். 1993இல், சண்டைக் காலம், எனக்கு 9 வயது, அம்மாவோடும் தம்பியோடும் கிளாலியால் இரவில் கடந்தேன். வெளிச்சம் இல்லை, பேச்சு இல்லை. தண்ணீரைத் தொடக் கை நீட்டினேன், அம்மா கையைப் பிடித்து மடிக்குள் அமர்த்திவிட்டார். அடியே இல்லாத கடல் என்றுதான் அன்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் இன்றும் மனதில் அப்படித்தான் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை நான் ஒரு நாளும் பகலில் பார்த்ததில்லை. பஸ்ஸில் போய்க் கரையில் நின்று பார்க்கலாம்தான், ஆனால் கடந்தது தண்ணீரால், அதனால் தண்ணீராலேயே போக வேண்டும் போலிருக்கிறது.

எந்த மாதம் நல்லது, எங்கே ஆழம் குறைவு, யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசையூர்த் தொழிலாளி எழுதியது:

தங்கச்சி, பங்குனி சரியான மாதம். வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்திருக்கும், சோழகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் எழும்பியிருக்காது. வைகாசிக்குத் தள்ளிப் போடாதீர்கள். சோழகம் பிடித்தால் களப்புக்குள்ளும் (கடல்நீரேரிக்குள்ளும்) குட்டை அலை எழும்பும், 18 அடிப் படகில் இரண்டு பேர் நனைந்து நடுங்கித்தான் வந்து சேருவீர்கள்.

ஆழத்தைப் பற்றி முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இந்தக் களப்பில் பயம் ஆழத்தால் வருவதில்லை, ஆழமின்மையால்தான் வரும். மாரி மழைத் தண்ணீர் இறங்கிய பிறகு பங்குனியில் இன்னும் வற்றியிருக்கும், பல இடங்களில் இடுப்பளவுதான். அதனால் எஞ்சினை நம்புவதைவிட மரக்கோலை நம்புங்கள். கோலில் அடிக்கு ஒரு வளையமாகப் பெயின்ற் பூசி வையுங்கள், ஒருவர் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) நின்று குத்திப் பார்த்துக்கொண்டே வரலாம். தண்ணீரின் நிறமும் சொல்லும். கறுத்துத் தெரிந்தால் சாதாளை (கடற்புல்), வெளிறித் தெரிந்தால் மணல், கலங்கிக் கிடந்தால் சேறு. சேற்றில் ஏறினால் எஞ்சினை முறுக்காதீர்கள். நிறுத்தி, தூக்கிவிட்டு, வந்த வழியாலேயே கோலால் தாங்கி (ஊன்றித் தள்ளி)ப் பின்னுக்கு எடுங்கள்.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பிழை விடுகிற இடம் இது. நீங்கள் போவது கிழக்கே. விடியற்காலையில் வெளிக்கிட்டால் சூரியன் நேரே முகத்தில், தண்ணீர் முழுக்கத் தகரம் போல மின்னும், அடி தெரியவே தெரியாது. எங்களுக்கு வழி மனப்பாடம், ஆகவே நாங்கள் இருட்டிலும் போவோம். நீங்கள் 9 மணிக்கு மேல், வெயில் உயர்ந்த பிறகு வெளிக்கிடுங்கள். 1 மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள், பின்நேரம் காற்று ஏறும். முழுத் தூரமும் 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான், இரண்டு நாளுக்குத் தாராளம். முதல் நாள் கச்சாய்த் துறையில் நில்லுங்கள்.

இப்போது முக்கியமானது. வழி நெடுகக் களங்கட்டி நிற்கும். தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள், இரண்டு சிறகு விரிந்து நடுவில் கூடு. மீன் சிறகோடு ஒட்டி வந்து கூட்டுக்குள் விழும். வெறும் தடிதானே என்று நடுவால் புகுந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைச் சாப்பாடு போய்விடும். சிறகின் நுனியைச் சுற்றித்தான் போக வேண்டும், எவ்வளவு சுற்றானாலும். நண்டு வலைக்கு வெள்ளைப் போத்தல் மிதக்கும், அதைக் கண்டால் எஞ்சினைக் குறையுங்கள். கௌதாரிமுனைப் பக்கம் கடலட்டைப் பண்ணைகளும் இருக்கின்றன, வேலியைக் கண்டால் விலகிவிடுங்கள், காவலிருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

வெளிக்கிட முதல் குருநகரில் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கடற்படைக் காவலரணிலும் இரண்டு பேருடைய பெயர், படகு இலக்கம், திரும்பும் நாள் எல்லாம் சொல்லுங்கள். கச்சாய், கிளாலி சங்கங்களுக்கும் முதல் நாளே ஒரு போன். தெரியாத படகு என்றால் கரையிலிருந்து சந்தேகமாகப் பார்ப்பார்கள். இன்னாருடைய மருமகள் வருகிறாள் என்று தெரிந்தால் தேத்தண்ணி வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வேலணையான் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நானும் மனைவியும் 2019 இலையுதிர்காலத்தில் ஒரு நண்பருடைய பாய்ப்படகில் அமெரிக்காவின் கிழக்குக் கரை உள்நீர்ப் பாதையில் போனோம். வேர்ஜீனியாவில் நோர்போக் என்ற இடத்தில் மைல் 0 தொடங்குகிறது, மயாமி வரை சுமார் 1,090 மைல். ஆறு, களப்பு, வெட்டிய வாய்க்கால் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்த பாதை, பெருங்கடலுக்குள் இறங்காமலே பெரும்பகுதியைக் கடக்கலாம். நாங்கள் முழுவதும் போகவில்லை, ஜோர்ஜியா வரைக்கும்தான். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம். அங்கே தெற்கே போகும்போது பச்சைக் குறி இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம் என்று ஒழுங்காக நட்டிருக்கும். எங்கள் களப்பில் அப்படி ஒன்றும் கிடையாது, தொழிலாளி நட்ட தடியும் கொப்பும்தான் குறி. அதனால் மேலே அண்ணை சொன்னது ஒவ்வொன்றும் பொன்.

ஜோர்ஜியாவில் கடல் 2 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும், நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. யாழ்ப்பாணத்தில் அந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அது உங்களுக்கு நல்லது. ஆனால் ஒரு கெடுதலும் உண்டு, தரைதட்டினால் கடல் ஏறித் தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது.

நாங்கள் அங்கே கற்றுக்கொண்ட இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, சிறிய படகைக் கடக்கும்போது பெரிய படகுக்காரர் ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைப்பார், சிறிய படகில் இருப்பவரும் குறைப்பார், அலை எழும்பாமல் மெல்லக் கடந்துவிடுவார்கள். வள்ளத்தில் நின்று வலை இழுப்பவரைக் கண்டால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ரேடியோ தேவையில்லை, கையைத் தூக்கினால் போதும்.

இரண்டாவது, கணவன் மனைவி பேச்சு. எஞ்சின் ஓடும்போது அணியத்தில் நிற்பவர் சொல்வது கடையாரில் (பின்பக்கத்தில்) இருப்பவருக்குக் கேட்காது. முதல் கிழமை நாங்கள் கத்திக் கத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்ட இரவுகளும் உண்டு. பிறகு கைச்சைகை வைத்துக்கொண்டோம். உள்ளங்கை விரித்தால் நிறுத்து, கை நீட்டினால் அந்தப் பக்கம், கை கீழே அமர்த்தினால் மெதுவாக. அதோடு சரியாகிவிட்டது. நீங்கள் வெளிக்கிட முதலே வீட்டு முற்றத்தில் பழகிவிடுங்கள்.

காரைநகர்க் கரை எழுதியது:

நான் ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். “எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்த எல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படகில் இரண்டே பேர் என்றால் ஒருவர் பயணி ஆக முடியாது.

ஊர்காவற்றுறைப் பக்கம், கடற்கோட்டைக்குக் கிட்ட, இவரும் நானும் மட்டும் போயிருந்தோம். கோட்டை பறங்கியர் (போர்த்துக்கேயர்) கட்டினது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, நடுத் தண்ணீரில் நிற்கும், பார்க்கப் பார்க்க அலுக்காது. அதைப் பார்த்துக்கொண்டு வந்த நேரம் இவருக்குத் திடீரென்று தலைசுற்றல். வெயில். படகின் அடியில் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எஞ்சினின் பக்கத் துளையால் பீச்சுகிற தண்ணீர் நின்றுவிட்டது. அது நின்றால் எஞ்சின் கொதிக்கும், நிறுத்த வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. கரையிலிருந்து ஒருவர் கண்டு சத்தம் போட்டதால் எஞ்சின் தப்பியது. அவர் வள்ளத்தில் வந்து, எஞ்சினைத் தூக்கி, புரொப்பலரில் கயிறு போலச் சுற்றிக் கிடந்த சாதாளையை வெட்டி எடுத்து, தண்ணீர் இழுக்கும் துவாரத்தைக் கம்பியால் குத்திக் காட்டினார். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலை தெரியாததால் இவரை அந்த வெயிலில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே நீங்களே எஞ்சின் இழுத்து ஸ்ரார்ட் செய்யுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால், சூடேறும் முதல் பெற்றோலில் தொடங்கி மாற்ற வேண்டியிருக்கும், அந்த முறையை மாமாவிடம் கேளுங்கள். எஞ்சினைத் தூக்கவும் இறக்கவும், நங்கூரம் போடவும், கோலால் தாங்கவும் பழகுங்கள். குருநகர்த் துறைக்கு முன்னால் நாலு பின்நேரம் போதும். அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, நீங்கள் தனியாகப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். அது முடிந்தால் போங்கள். கத்தி ஒன்று, புரொப்பலருக்குப் போடும் ஊசி (பின்) இரண்டு, உயிர்காப்பு அங்கி (போட்டிருக்க வேண்டும், கீழே விரித்து அதில் இருக்கக் கூடாது), தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. தொப்பி. சாப்பாட்டுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு போங்கள், சோறு வெயிலுக்குப் புளித்துவிடும்.

பழைய ஓட்டி எழுதியது:

மகள், நான் அந்த நாளில் கிளாலியில் படகு ஓடினவன். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் சண்டையால் மூடிக் கிடந்த காலம். ஒரு எஞ்சின் படகுக்குப் பின்னால் நாலைந்து படகைக் கயிற்றில் கட்டி, சனத்தை ஏற்றி, பூநகரி நல்லூர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போவோம். பிள்ளைகள் அழாமல் இருக்கத் தாய்மார் வாயைப் பொத்தியிருப்பார்கள். உங்கள் அம்மா கையைப் பிடித்தது சரிதான். எத்தனையோ பேர் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அடியில்லாத கடல் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஆழம் உண்டு, ஆனால் இரண்டு கரைப் பக்கமும் நாங்களே இறங்கித் தள்ளினோம். இருட்டில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சங்குப்பிட்டியில் இப்போது 2011இல் திறந்த பாலம் நிற்கிறது, 288 மீற்றர். அதற்குக் கீழால் போகும்போது தூணோடு அணையாமல் நடுவால் போங்கள், தண்ணீர் அந்த இடத்தில் இறுகி ஓடும். கிளாலிக்கு மேல் ஆனையிறவுப் பக்கம் போக வேண்டாம், அங்கே தெரு மறிக்கிறது, தண்ணீரும் படகுக்குப் போதாது. யாகப்பர் கோவில் பக்கம் கரையேறுங்கள்.

மட்டுவில்காரி எழுதியது (பங்குனிக் கடைசியில்):

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

நாலு பின்நேரம் அல்ல, ஒன்பது பின்நேரம் பழகினேன். மாமா துறைக் கட்டில் இருந்துகொண்டு “கோலை நட்டுப்போட்டுக் காலாலை தள்ளு பிள்ளை, கையாலை இல்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாம் கிழமைதான் அது விளங்கியது. குத்தின கோலைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை முழுக்க அதில் சாய்த்து, காலுக்குக் கீழ் படகை முன்னுக்கு உந்த வேண்டும்.

முதல் நாள் பாசையூருக்கு அப்பால் ஒரு களங்கட்டியைச் சுற்ற அரை மணித்தியாலம் போனது. ஒவ்வொரு தடியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது, நாங்கள் கடக்கும் வரை ஒன்றும் பறக்கவில்லை. தனங்கிளப்புப் பக்கம் தூரத்தில் பூநாரைகள், மங்கலாக ஒரு கோடு போல. கிட்டப் போகவில்லை. கச்சாயில் இரவு ஒரு வீட்டில் படுக்க இடம் தந்து நண்டுக் குழம்பும் தந்தார்கள், காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் 11 மணியளவில் கிளாலிக் கரை தெரிந்தது. இவர் எஞ்சினைக் குறைத்தார், நான் அணியத்தில் கோலோடு நின்றேன். நாலு அடி, மூன்று அடி, பிறகு படகின் அடிப்பக்கம் சரசரத்து நின்றுவிட்டது. இவர் இறங்கப் போனார், நான் கையை விரித்து நிறுத்தச் சொன்னேன். சட்டையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு நானே இறங்கினேன். தண்ணீர் தொடை வரைக்கும் வரவில்லை. இளஞ்சூடு. கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னச் சிப்பி ஒன்று திறந்து மூடியது, அவ்வளவு தெளிவு. அம்மாவுக்குப் போன் எடுத்தேன், இவர் வாங்கிப் பேசினார், எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு படகின் விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன், நகர்ந்தது. ஏறி, கரை வரைக்கும் கோலாலேயே தாங்கினேன்.