மறு: தார் றோட்டில் இறுகும் கியர் தடி – முறுக்கேற்றமா, தேங்குமுறுக்கா?

குழுவிலுள்ள எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை ஒரேயொரு சொல் கேட்டேன்: நாலு சில்லும் இழுக்கிற லொறி தார் றோட்டில் ஓடும்போது ஷாப்டில் முறுக்கு ஏறி கியர் தடி இறுகுவதை ஆங்கிலத்தில் "வைண்ட்-அப்" என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன? வந்த மடல்களை வாசித்து முடிக்கவே இரண்டு இரவு போய்விட்டது. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, எல்லாருக்கும் சேர்த்து இதிலேயே எழுதுகிறேன்.

கேட்ட காரணத்தைச் சிலர் தவறாக விளங்கிக்கொண்டார்கள் போல. நான் அகராதி தொகுக்கவில்லை. என்னிடம் இருப்பது, இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஒரு பழைய பெட்போர்ட் ஆர்.எல். லொறி. பிரித்தானிய இராணுவத்துக்கென்று 1950களில் வந்த ரகம், நாலு சில்லும் இழுக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு தகடு இருந்தது. திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியின் உப்புக்காற்று அதில் பாதி எழுத்தைத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் தமிழில் ஒரு தகடு அடிக்க வேண்டும். உள்ளங்கை அகலம்தான் இடம். லொறியை நான் மட்டும் ஓட்டுவதில்லை. மருமகன் ஓட்டுவான், வலை ஏற்றுகிற நாளில் கரைவலைக்காரர் ஆராவது ஓட்டுவார்கள். ஆகவே கியர் தடியில் கை வைத்திருக்கிறவனுக்கு உடனே விளங்குகிற சொல் வேண்டும்.

நடந்ததையும் சொல்கிறேன், அப்போதுதான் சொல்லின் பொருள் பிடிபடும். கடற்கரை மணலில் இருந்து வலையை ஏற்றிக்கொண்டு புல்மோட்டை வீதிக்கு ஏறினோம். மணலுக்காக முன் இழுவை போட்டிருந்தோம், அதாவது முன் சில்லுகளும் சேர்ந்து இழுக்க விட்டிருந்தோம். தாரில் ஏறியதும் அதை எடுக்க மருமகன் மறந்துவிட்டான். இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் கல்லுப்போல ஆனது, டயர் தாரில் தேய்ந்து கீச்சிட்டது. நிறுத்திவிட்டு முன் இழுவையை எடுக்கிற தடியை இழுத்தால் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தும் அசையவில்லை. நெம்புவதற்கு ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான் பொடியன். பின்னுக்கு வலை மேல் இருந்த சம்மாட்டி ஐயா (வலைக்காரர்களின் முதலாளி) அங்கிருந்தே சத்தம் போட்டார்: "டேய், முறுக்கேறிக் கிடக்கு. உடைக்காத, பின்னுக்கு எடு." அவருக்கு லொறி ஓட்டத் தெரியாது, கயிறு தெரியும். வந்த வளைவிலேயே பத்துப் பதினைந்து அடி பின்னுக்கு எடுத்தோம். அடியில் டங் என்று ஒரு சத்தம். பிறகு தடி ஒரு விரலுக்கு வந்தது.

அங்கே என்ன நடக்கிறது என்பதை இயந்திரம் படித்த தம்பி ஒருவர் சரியாகவே எழுதியிருந்தார். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இந்த மாதிரி லொறியில், சில்லுகளுக்கு விசை கொண்டுபோகிற தண்டுகளான முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றோடொன்று பூட்டியபடி சுற்றும், நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மணலில் டயர் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துவிடும். தாரில் வழுக்க முடியாது. தீராத கணக்கு ஷாப்டில் முறுக்காக ஏறும், ஏறி கியர்ப் பல்லுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தடி வராது.

அவர் எழுதாத ஒன்று: வளைவே இல்லாத நேர்றோட்டிலும் இது வரும். பழைய இராணுவ டயரின் அளவு இப்போது இலேசில் கிடைப்பதில்லை, கிடைத்ததை முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டுகிறோம். டயரின் ஆரை ஏறத்தாழ அரை மீற்றர். ஒரு சோடி மற்றதைவிட 1 சென்ரிமீற்றர் தேய்ந்திருந்தால் 2 சதவீத வித்தியாசம், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 20 மீற்றர். அந்த 20 மீற்றரை எங்கே கொண்டுபோய் வைப்பது? டயர் தேயும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பல்லு போகும். இராணுவத்துக்குக் களஞ்சியம் இருந்தது, எனக்கு இருப்பது பழைய இரும்புக் கடை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

சென்னை ஐயா தந்தது "இயக்கத்தொடர் இறுக்கம்". பிழையில்லை, ஆனால் தகட்டில் இடம் கொள்ளாது. இறுக்கம் என்றதும் எங்கள் கராஜ் பொடியன் நட்டைத் தேடிப் போவான். ரொறன்ரோவில் இருந்து தங்கை "சாவியேற்றம்" என்று எழுதியிருந்தா. பழைய மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல ஷாப்ட் விசையைச் சேர்த்து வைக்கிறது என்பது அவவின் விளக்கம். உவமை அருமையானது, எனக்குப் பிடித்தது. ஆனால் "வைண்ட்-அப்" என்ற ஆங்கிலச் சொல்லின் வழியாகத்தான் மணிக்கூடு நினைவுக்கு வருகிறது. ஆங்கிலம் தெரியாத சாரதிக்கு சாவி என்றால் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிற சாமான்.

கடுமையான போட்டி "தேங்குமுறுக்கு"தான். முன்மொழிந்த மட்டக்களப்பு நண்பரின் வாதம் இது: முறுக்குவிசை எந்த வண்டியிலும் எந்நேரமும் இருக்கும், அது நோயல்ல. வழியில்லாமல் தேங்குகிற முறுக்குத்தான் நோய், ஆகவே தேக்கம் சொல்லிலேயே தெரிய வேண்டும். நுட்பமான வாதம். பாடப்புத்தகம் எழுதினால் நானும் இதையே எடுப்பேன். ஆனால் இதிலிருந்து வினை பிறக்கவில்லை. "வண்டி தேங்குமுறுக்கியது" என்று ஆர் சொல்வார்?

"முறுக்கேறும்" என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. முறுக்கேறியது, முறுக்கேறிக் கிடக்கிறது, முறுக்கேறவிடாதே என்று எந்த உருவத்துக்கும் வளையும். கரையில் வடம் இழுக்கிறவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிற சொல்.

பெயர்ச்சொல்லாக "முறுக்கேற்றம்" வேண்டாம், அது ஆரோ வேண்டுமென்று முறுக்கை ஏற்றியதுபோல இருக்கிறது, "முறுக்கேறல்" என்றே இருக்கட்டும் என்று முதல் மடலில் நானே எழுதியிருந்தேன். அதற்கு ஆசிரியை ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "விலையேற்றம் என்கிறோமே, விலை தானாக ஏறுவதில்லையா?" விலை தானாக ஏறுகிறதா என்பது வேறு வழக்கு! ஆனால் இலக்கணத்தில் அவர் சொல்வது சரி. என் மறுப்பை மீளப் பெறுகிறேன்.

அவருடைய விலையேற்றம் இன்னொரு உதவியும் செய்தது. இந்த நோய்க்கு மருந்தாக முறுக்கை எடுப்பதற்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. "முறுக்கவிழ்ப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவிழ்ப்பது முடிச்சை, முறுக்கை அல்ல. ஏறியது இறங்கத்தானே வேண்டும்? முறுக்கேற்றம், முறுக்கிறக்கம். விலை இறங்காவிட்டாலும் முறுக்கு இறங்கும்.

இறக்கும் முறையில் மட்டும் கவனம். ஒரு சில்லை ஜக் போட்டுத் தூக்கினால் போதும் என்று எழுதியவருக்கு: இறங்கும்தான், ஆனால் தேங்கிய முறுக்கு முழுவதும் அந்தச் சில்லில் ஒரே வீச்சில் பாயும். பக்கத்தில் கை இருந்தால் கை போகும். அதைவிட ஒரு பக்கச் சில்லுகளை றோட்டோர மணலில் இறக்கி மெல்ல உருட்டுங்கள். எங்கள் பக்கம் மணலுக்குப் பஞ்சமில்லை.

"ட்ரான்ஸ்பர் பொக்ஸ்" என்பதற்குத் தமிழில் என்ன என்று இழுத்த விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. "மாற்றுப்பெட்டி" என்றால் கைவசம் இன்னொரு பெட்டி வைத்திருப்பதாக நினைப்பார்கள். அது விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்கிறது, பகிர்பெட்டி என்றால் போதும். கராஜில் எப்படியும் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் என்றுதான் சொல்வார்கள். பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போய்விட்டது, டொக்யாட் வீதி இன்னும் டொக்யாட் வீதிதான். பழகிய சொல்லோடு நான் சண்டைக்குப் போவதில்லை. சொல்லே இல்லாத இடத்துக்குத்தான் சொல் தேடுகிறேன்.

தகட்டுக்கு இப்போது வைத்திருக்கும் வாசகம்:

தார் றோட்டில் முன் இழுவை வேண்டாம். முறுக்கேறும்.
தடி வராவிட்டால் நெம்பாதே. வந்த வழியே பின்னுக்கு எடு. முறுக்கிறங்கும்.

சம்மாட்டி ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைத்தானேடா அண்டைக்கே சொன்னனான்" என்றார். தகடு வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில் காசு வாங்குகிறார், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். "முன் இழுவை"யைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று அதற்குள் ஆராவது சொல்லுங்கள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லைக் குறைக்க வழியிருந்தால் அதையும்.