வயிற்றுப்போக்கு நின்று மூன்று வாரம், இப்போது முழங்கால் வீங்கியிருக்கிறது

வைகைக்கரை:
வயது 34. போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்த மறுநாள் காய்ச்சல், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. ஐந்து நாளில் நின்றது. அப்புறம் 18-வது நாள், காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் வலது குதிகாலில் ஆணி குத்தியது போல வலி. இரண்டே நாளில் இடது முழங்கால் வீங்கிவிட்டது, தொட்டால் சுடுகிறது. யூரிக் ஆசிட் நார்மல். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், சிக்குன்குனியா இரண்டும் நெகட்டிவ். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மட்டும் 70, அதிகம். வீட்டில் வாயு என்று சொல்லித் தைலம் தேய்க்கிறார்கள். வயிற்றுக்கும் முழங்காலுக்கும் சம்பந்தம் இருக்குமா?

மலைக்கோட்டை:
இருக்கிறது. 2019-ல் எனக்கும் இப்படித்தான் வந்தது. ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ் என்றார்கள், அதாவது வேறிடத்தில் வந்த தொற்றுக்குப் பின் வரும் மூட்டழற்சி. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், யெர்சினியா போன்ற குடல் கிருமிகள் வந்துபோன ஒன்று முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தலைகாட்டும். முழங்கால், கணுக்கால், குதிகால் என்று இடுப்புக்குக் கீழேதான் அதிகம். எனக்குக் கால்விரல் ஒன்று முழுக்க உப்பி, செருப்பே நுழையவில்லை.

முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் செய்தார்கள். எதுவும் வளரவில்லை. கிருமியோடு போராடக் கிளம்பிய நம் எதிர்ப்புச்சக்திதான் மூட்டில் அழற்சியை உண்டாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். ஆனாலும் அந்த நீர்ச்சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே உண்மையிலேயே சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டுவிடும். நேப்ராக்ஸன் என்ற வலி, வீக்க மாத்திரையும் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் எனக்குப் போதுமாக இருந்தன. ஐந்தாம் மாதம் உச்சிப்பிள்ளையார் கோயில் படி ஏறிவிட்டேன்.

சோதனைக்கூடம்:
லேபில் வேலை செய்கிறேன். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை எழுதித் தருவார்கள். பாசிட்டிவ் என்றால் பயப்படாதீர்கள், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் பலருக்கு அது உண்டு. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம், வயிற்றுக்கிருமிக்குப் பின் வரும் மூட்டுவீக்கத்தை அது குறைப்பதில்லை. 1944-ல் ஃபின்லாந்துப் படைவீரர்களிடையே சீதபேதி பரவியபோது, இப்படி மூட்டு வீங்கிய 344 பேரை பாரோனன் என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு பழைய சங்கதி இது. இதில் கண்ணும் பாதிக்கப்படலாம், உங்களுக்குக் கண் சிவந்திருக்கிறதா?

வைகைக்கரை:
ஆமாம், நான்கு நாளாக இடது கண். கம்ப்யூட்டர் பார்ப்பதால் என்று விட்டுவிட்டேன். வயிற்றுப்போக்கு வந்ததை டாக்டரிடம் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

சோதனைக்கூடம்:
இன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். வலியும், வெளிச்சம் பட்டால் கூச்சமும் இருந்தால் கண்ணுக்குள்ளேயே அழற்சி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, குதிகால், முழங்கால், கண் எல்லாம் ஆரம்பித்த தேதிகளை ஒரே தாளில் எழுதி இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள்.