மறைந்த முன்னாள் மாணவர்களுக்கான நினைவு மலர்: யாரைச் சேர்ப்பது, எவ்வாறு எழுதுவது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம், காலமான மாணவர்களின் வாழ்க்கையையும் பணியையும் பதிவு செய்யும் நினைவு மலர் ஒன்றைக் கொண்டுவர முடிவு செய்து, தொகுக்கும் பொறுப்பை என்னிடம் அளித்திருக்கிறது. குடும்பத்தார் அனுப்பிவரும் குறிப்புகள் பெரும்பாலும் பிறந்த ஊர், பெற்ற பட்டம், வகித்த பதவி, ஓய்வு, மறைவு என்ற வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. பெரியாறு-வைகைப் பாசனத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்த பொறியாளரின் குறிப்பையும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவரின் குறிப்பையும், பெயரையும் பதவியையும் மறைத்துவிட்டுப் படித்தால், யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. அவர்களை நேரில் அறிந்தவன் என்ற முறையில் இது என்னை மிகவும் வருத்துகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டம் பெற்று வெளியேறியவர்களை மட்டும் சேர்த்தால் போதும் என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இத்தகைய மலர்களைத் தொகுத்த அனுபவம் உடையவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பசுமலையார்:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மலரின் தன்மையை அதுதான் தீர்மானிக்கும். தோழர் என். சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941ஆம் ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான செயல்பாடுகளுக்காகக் கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டதால், அவர் பட்டப்படிப்பை முடிக்கவே இல்லை. பின்னாளில் மதுரையிலிருந்து மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நூறு வயதைக் கடந்து 2023 நவம்பரில் அவர் காலமானார். பட்டதாரிகள் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மலர் தொகுத்தால், அவருக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்காது. கல்லூரிக் காலத்தில் அவர் எடுத்த முடிவே அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது என்னும்போது, அவரை அக்கல்லூரியின் மாணவர் அல்ல என்று யார் சொல்ல முடியும்?

பெயர் அறியப்படாதவர்களுக்கும் இது பொருந்தும். 1950களின் நடுப்பகுதி வரை இண்டர்மீடியட் வகுப்பும், அதன்பின் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வரும்வரை புகுமுக வகுப்பும் கல்லூரிகளிலேயே நடந்தன. அந்த ஓரிரு ஆண்டுகள் மட்டும் படித்துவிட்டு, 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரிக்கோ 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியற் கல்லூரிக்கோ சென்றவர்களும், தந்தை இறந்ததால் படிப்பை நிறுத்திக் கடையைப் பார்க்கப் போனவர்களும் பலர். ஆகவே சேர்க்கைப் பதிவேட்டை அடிப்படையாகக் கொள்ளுங்கள். பட்டம் பெற்றதைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு இங்கே படித்தவர்கள் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

தல்லாகுளம் வாசகி:

வணக்கம். எங்கள் கல்லூரித் தோழிகள் சிலரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், அன்பானவர், நேர்மையானவர், கடின உழைப்பாளி என்ற விடைதான் வரும். அதில் பொய் இல்லை, ஆனால் ஆளும் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார், வேலைக்கு எதை எடுத்துச் செல்வார், எந்த வேலையைப் பிறரிடம் விடாமல் தாமே செய்வார், யார் அவரைத் தேடி வீட்டுக்கு வருவார்கள் என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி இதுதான்: துக்கத்துக்கு வந்தவர்களில், தத்தனேரி மயானம் வரை உடன் நடந்தவர்களில், வீட்டாருக்கு முன்பின் தெரியாதவர்கள் யார்? ஒருவர் வெளியுலகில் என்ன செய்தார் என்பது பல வீடுகளில் அன்றைக்குத்தான் தெரியவருகிறது. ஒரு தோழி தம் தெருவிலிருந்த தையற்காரரின் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கல்விக்கட்டணம் செலுத்தியதை அவருடைய கணவரே அப்படித்தான் அறிந்தார்.

பெண்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து மாறிவிடுவதால், 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியிலும் 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியிலும் படித்த தலைமுறையினரைப் பழைய பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தந்தை பெயரின் முதலெழுத்தையும் கணவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள். மேலும், "இல்லத்தரசி" என்ற ஒரே சொல்லோடு குறிப்பை முடித்துவிடாதீர்கள். வேலையை விட்டவர் என்றால் எப்போது, எதற்காக விட்டார் என்பதும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியே.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. தத்தனேரிக் கேள்வியை இந்த வாரமே சில வீடுகளில் கேட்கப்போகிறேன். தேதிகளில் முரண்பாடு வந்தால் எதை ஏற்பது?

ஓய்வுபெற்ற நூலகர்:

முந்தைய தலைமுறையினர் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதிய பிறந்த தேதி ஒன்றும் உண்மையான தேதி வேறொன்றுமாக இருக்கும். அரசுப் பணிப்பதிவேட்டிலும் பள்ளிச் சான்றிதழின் தேதியே இருக்கும் என்பதால், வீட்டில் ஜாதகம் இருந்தால் அதையும் பார்த்து, இரண்டையும் குறிப்பிட்டுவிடலாம். மறைந்த தேதிக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைவிட இறப்புச் சான்றிதழே நம்பகமானது.

பணியைப் பற்றி எழுதும்போது, நன்கு அறியப்பட்ட ஒரு பக்கம் மற்றொன்றை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தியாகராசர் கல்லூரியில் படித்த மீராவைக் கவிஞர் என்று மட்டும் எழுதி முடித்தால், சிவகங்கையில் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே, பிறர் எழுதியவற்றை அச்சில் கொண்டுவர அன்னம் பதிப்பகத்தை நடத்திய உழைப்பு விடுபட்டுப்போகும். உங்கள் பொறியாளர் எந்தக் கால்வாயில், எந்த மடையில் வேலை பார்த்தார் என்பதை அவருடன் பணியாற்றியவர்களிடமே கேளுங்கள். வீட்டாருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இறப்பின் காரணத்தை எழுதுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு குறிப்பையும் உரிய வீட்டுக்கு அனுப்பி, படித்துப் பார்த்து ஒப்புதல் தரச் சொல்லுங்கள். வயதான துணைவியர் இருக்கும் வீடுகளுக்கு நேரில் சென்று வாசித்துக் காட்டுவது நல்லது.